தினமும் எத்தனை மாவு பாக்கெட் எடுப்பது? நிகழ்தகவு வைத்து ஒரு கணக்கு

சராசரியாக 50 விற்கிறது, அதனால் 50 எடுக்கலாம் என்பதுதான் புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் முதல் தப்பு. சராசரியோடு லாப நஷ்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இட்லி மாவு பாக்கெட்டின் அடக்கம் ரூ.28, விற்பனை ரூ.40 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சினால் புளித்த மாவாகத் தோசைக் கடைக்கு ரூ.8-க்குப் போகும். ஒன்று குறைந்தால் கைவிட்டுப் போகும் லாபம் 12. ஒன்று மிஞ்சினால் நஷ்டம் 20. 12-ஐ இரண்டின் கூட்டுத்தொகையான 32-ஆல் வகுத்தால் 0.375. அன்றைய தேவை முழுவதையும் கொடுத்துவிடும் நிகழ்தகவு இந்த அளவுக்கு இருந்தால் போதும்.

திட்ட விலக்கம், அதாவது தினசரித் தேவை சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 10 என்றால், எக்செல்லில் =NORM.INV(0.375, 50, 10) போடுங்கள். 46.8 வரும், 47 எடுக்கலாம். இதே மாவை மொத்த வியாபாரி ரூ.26-க்குத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் மிச்சத்தின் நஷ்டம் வெறும் 2. விகிதம் 12/14, அதாவது 0.857. எடுக்க வேண்டியது 61! தேவை ஒன்றுதான். கொள்முதல் நிபந்தனை மட்டும் மாறியது.

பாடப்புத்தகங்களில் இதற்குப் பத்திரிகை விற்பவர் கணக்கு என்று பெயர். 1888-இல் பொருளியலாளர் எட்ஜ்வொர்த் வங்கிகளின் கையிருப்புக்காக யோசித்ததும் இதே வழியில்தான்.

*

எக்செல் வேண்டாதவர்களுக்கு: 20 வேலை நாட்களின் தேவையைச் சிறியதிலிருந்து பெரியதாக எழுதுங்கள். 20 × 0.375 = 7.5. மேல்நோக்கி முழுமையாக்கி 8-ஆவது எண்ணை எடுங்கள். ஞாயிறையும் பண்டிகை நாளையும் இதில் கலக்காதீர்கள். கலந்தால் திட்ட விலக்கம் வீணாகப் பெருகும்.

*

எல்லாம் சரி, ஆனால் நோட்டில் இருப்பது தேவையா, விற்பனையா? இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. 48 எடுத்து 48-உம் சாயங்காலம் 5:30-க்கே தீர்ந்தால், "தேவை 48" என்று எழுதக் கூடாது. அது நம் இருப்பின் அளவு. அப்படியே எழுதிக்கொண்டு போனால் சராசரி இறங்கும், அடுத்த வாரம் இன்னும் குறைவாக எடுப்பீர்கள், அதுவும் தீரும்.

ஆகவே தீர்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். தீராத நாட்களில் 5:30-க்குள் 80 சதவீதம் போகிறது என்றால், 48-ஐ 0.8-ஆல் வகுத்து 60 என்று எழுதுங்கள்.

இன்னொன்று. மாவு இல்லை என்றால் சிலர் தேங்காய், சட்னிக்கடலையும் வாங்காமல் போய்விடுவார்கள். பத்தில் மூவர் அப்படிப் போய், ஆளுக்கு ரூ.20 லாபம் போகிறது என்றால், 12-உடன் 6 சேரும். விகிதம் 18/38, எடுக்க வேண்டியது 47 இல்லை, 49.

ஆனால் 20 நாள் கணக்கில் சராசரியின் திட்டப் பிழையே (நாம் போட்ட சராசரி வழக்கமாகத் தவறக்கூடிய அளவு) 10/√20, அதாவது 2.2 பாக்கெட். ஒன்றிரண்டு பாக்கெட் வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, தீர்ந்த நேரத்தை ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள்.