ஐயாவின் களக்குறிப்புகளைக் காப்பாற்ற உதவி தேவை

வணக்கம். புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் முயற்சியால் 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வில் சேர்ந்து, 1961-இல் உருவான இந்தியப் புள்ளியியல் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் ஐயாவின் களக்குறிப்புகள், தேவகோட்டை வீட்டின் இரண்டாங்கட்டில் தகரப் பெட்டிக்குள் இருந்தன. சென்ற மழையில் ஓடு ஒழுகியதால் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது.

நிழலில் உலர்த்தி, வசம்பு வைத்துப் பார்த்தோம். நகல் எடுக்கும் கடையில் கிழிந்துவிடும் என்று வாங்க மறுத்தார்கள். கைப்பேசிப் படத்திலோ, அரிசி, புளி, மண்ணெண்ணெய் என்று வீடு வீடாகக் கேட்டு அவர் பென்சிலால் குறித்த செலவு எண்கள் தெரியவில்லை. அச்சான அறிக்கைகளில் மொத்தக் கணக்குதான் கிடைக்கும். அது திரண்ட வழி இத்தாள்களில்தான் இருக்கிறது.

ஒட்டிய தாள்களைக் கிழியாமல் பிரித்து, மின்படியாக்கித் தருபவர் காரைக்குடி, மதுரை வட்டாரத்தில் யார் இருக்கிறார்கள்?