தம்பிக்கு முதல் தடவை சைக்கோசிஸ், குரூப் தெரபிக்கு அனுப்பலாமா?

மழைத்துளி21:
என் தம்பிக்கு 22 வயசு. அஞ்சு மாசம் முன்னாடி யாரோ செல்போன் வழியா தன்னைப் பாக்குறாங்கன்னு சொல்லி ரூமை விட்டே வெளிய வரல, யாரும் இல்லாதப்பவே குரலும் கேட்டுச்சு, இதைத்தான் சைக்கோசிஸ்ங்கிறாங்க. மாத்திரை ஆரம்பிச்சப்புறம் நிறைய குறைஞ்சிருக்கு, ஆனா குரல் முழுசா போகல. இப்ப டாக்டர் இவனை மாதிரி ஆரம்பத்துல இருக்குறவங்களுக்கு நடக்குற குரூப்ல சேரச் சொல்றார். மத்தவங்க சொல்ற சந்தேகம், பயம் எல்லாம் இவனுக்கும் ஒட்டிக்காதா? அம்மா வேண்டவே வேண்டாம்ங்கிறாங்க. போனவங்க யாராச்சும் சொல்லுங்க.

நிலாமுற்றம்:
நான் போயிருக்கேன் தோழி, எனக்கும் குரல் கேட்டுச்சு, அப்ப 24 வயசு. உங்க பயம்தான் எனக்கும் இருந்துச்சு. முதல் மூணு வாரம் வாயே தொறக்கல, யாரும் வற்புறுத்தவும் இல்ல. நாலாவது வாரம் ஒருத்தர், ராத்திரி தூக்கம் கெட்டா மறுநாள் குரல் சத்தமா கேக்குதுன்னார், எனக்கும் அப்படித்தான்னு அப்பத்தான் கவனிச்சேன். அதுவரைக்கும் உலகத்துலயே எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சிட்டு இருந்தேன், வீட்ல எல்லாரும் அன்பாத்தான் இருந்தாங்க ஆனா அவங்களுக்கு குரல் கேக்காதே. இன்னொருத்தர் நம்புற விஷயம் எனக்கு ஒட்டிக்கல, சொல்லப்போனா அவர் சொல்றதுக்கு வேற காரணம் இருக்கலாமேன்னு எனக்கு சட்டுனு தோணுச்சு, அதே கேள்வியை வீட்டுக்கு வந்து என்கிட்டயே கேட்டுக்கிட்டேன்.

கரையோரம்:
நான் சைக்காலஜிஸ்ட், இப்படி குரூப் நடத்துறேன். நல்ல குரூப்ல 6, 8 பேர்தான் இருப்பாங்க, நடத்துறவங்க ரெண்டு பேர். உன் நம்பிக்கை பொய்னு யாரும் வாதாட மாட்டோம். முடிவுக்கு எப்படி வர்றோம்ங்கிறதைத்தான் பாப்போம். ஒரு ஜாடில 85 சிவப்பு மணி 15 நீலம், இன்னொண்ணுல தலைகீழா. ஒவ்வொரு மணியா எடுத்துக் காட்டி எந்த ஜாடின்னு கேட்டா, சைக்கோசிஸ் வந்தவங்கள்ல நிறைய பேர் ஒண்ணு ரெண்டு மணியிலயே முடிவு பண்ணிடுறாங்க. இந்த அவசரத்தை கவனிக்கப் பழக்குறதுக்குன்னே ஹாம்பர்க்ல ஸ்டெஃபன் மோரிட்ஸ் குழு மெட்டாகாக்னிட்டிவ் ட்ரெயினிங்னு, அதாவது நாம யோசிக்கிற விதத்தையே கவனிக்கிற பயிற்சின்னு, ஒண்ணு உருவாக்கினாங்க, அதுவும் குரூப்பா செய்றதுதான்.
ஆனா இது மாத்திரைக்கு பதில் இல்ல, தனியா பேசுற தெரபிக்கும் பதில் இல்ல. இங்கிலாந்துல எந்த சிகிச்சை குடுக்கணும்னு சொல்ற நைஸ் அமைப்போட வழிகாட்டுதல்ல சிபிடியை, அதாவது யோசனையையும் நடந்துக்கிற விதத்தையும் மாத்தப் பழக்குற பேச்சு தெரபியை, தனியாளா குறைஞ்சது 16 அமர்வு குடுக்கணும்னுதான் இருக்கு. ஒரு மணி நேரம் உக்கார முடியாத அளவுக்கு பயமோ பதட்டமோ இருந்தா கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. முன்னாடியே நடத்துறவங்களை அவன் ஒரு தடவை தனியா பாக்கட்டும். போனப்புறம் தூக்கம் கெட்டாலோ சாகணும்னு பேசினாலோ அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லுங்க.

புல்வெளி:
அம்மாவுக்கும் குடும்பத்தோட உக்காந்து பேசுற அமர்வு இருக்கான்னு கேளுங்க. எங்க வீட்ல அண்ணனுக்கு வந்தப்ப, அதுல உக்காந்தப்புறம்தான் அம்மா அவன்கிட்ட கத்துறதை நிறுத்துனாங்க.

மழைத்துளி21:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலாமுற்றம், நீங்க எழுதுனதை தம்பிகிட்டயே படிச்சுக் காட்டுனேன். மூணு வாரம் பேசாம இருந்தாலும் ஒண்ணும் சொல்லலையான்னு ரெண்டு தடவை கேட்டான். அடுத்த வாரம் நடத்துறவங்களைப் போய் பாக்குறோம், அம்மாவும் வர்றாங்க.