லூபஸ்: வெயில், வியர்வை, நின்றபடி வேலை. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கைக்கு வயது 27. மதுரையில் ஒரு துணிக்கடையில் வேலை. போன வருடம் லூபஸ் (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) என்று உறுதியானது. அதற்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை 200 மி.கி. தினமும் சாப்பிடுகிறாள், ஸ்டீராய்டை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார். கண் பரிசோதனை முடிந்தது, சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் அவ்வப்போது பார்க்கிறோம். அதிலெல்லாம் குறை ஒன்றும் இல்லை.

தொல்லை வெயில்தான். ஸ்கூட்டியில் கடைக்குப் போய் வந்தாலே கன்னம் இரண்டும் சிவந்துவிடும், மறுநாள் விரல் மூட்டெல்லாம் வீக்கம். சீப்பைப் பிடிக்க முடியாமல் அம்மாதான் தலை பின்னி விடுகிறார். எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் போடுகிறாள், ஆனால் நம்ம ஊர் வியர்வையில் அது எங்கே நிற்கிறது? வழியாத, முகத்தில் வெள்ளையாகத் தெரியாத சன்ஸ்கிரீன் ஏதாவது உங்களுக்கு ஒத்துவந்ததா?

அப்புறம், மாத்திரை போட்டதும் குமட்டல். சாப்பாட்டோடு போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. இரவுக்கு மாற்றியவர்கள் யாராவது உண்டா? மருத்துவரைக் கேட்காமல் மாற்ற மாட்டோம், அனுபவம் தெரிந்தால் போதும்.

கஷாயம் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்தச் சொல்பவர்கள் மன்னிக்கவும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

இன்னொன்று. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. இவள் கடையில் ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. நோயைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறாள். முதலாளியிடம் பேசிப் பார்த்தவர்கள் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள்.