கிரகணத்தன்று எங்கள் வீட்டில் நின்ற உலக்கை

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒருவர்

அறிவியலா நம்பிக்கையா என்று வீட்டுக்குள் நடந்த வாக்குவாதங்களை எல்லோரும் எழுதுகிறீர்கள். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நாள் 2019 டிசம்பர் 26. வளையச் சூரிய கிரகணம் கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போன நாள். காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, பதினொன்று தாண்டித்தான் விட்டது. நடுவில் ஒன்பதரை வாக்கில் மூன்று நிமிடம் சூரியன் வளையல் மாதிரி நின்றது.

அப்போது அண்ணிக்கு ஏழாம் மாதம். கர்ப்பகாலச் சர்க்கரை இருந்ததால் வேளை தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடச் சொல்லியிருந்தார் டாக்டர். எங்கள் வீட்டில் இதையெல்லாம் முடிவு செய்வது அத்தை, அப்பாவின் அக்கா. எங்களை வளர்த்தவர் அவர்தான். கிரகணத்துக்கு நான்கு யாமம் முன்பிருந்தே வாயில் எதுவும் படக்கூடாது என்பது அவர் கணக்கு. அதாவது முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி. கிரகணம் விட்டு, குளித்து, புதிதாகச் சமைத்த பிறகுதான் அடுத்த சாப்பாடு. ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை கட்டியாகிவிட்டது. தண்ணீர்க் குடம், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றிலும் தர்ப்பைப் புல்.

நான் இயற்பியல் படித்தவன். முந்தின இரவே லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அத்தையிடம் பேச உட்கார்ந்தேன். சூரியன், நிலா, பூமி, நிழல் என்று படம் போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் ‘இதெல்லாம் மூடநம்பிக்கை அத்தை’ என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் கெட்டது.

‘முட்டை ஆகாது, கொழுப்புன்னு உங்க ஆளுகதான் சொன்னாக. இப்ப தினம் ஒண்ணு திங்கச் சொல்றாக. தேங்காயும் அப்படித்தான். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. எங்க ஆத்தா சொன்னது மாறலய்யா’ என்றார்.

அறிவியலை நம்பாதவர்கள் என்று நாம் நினைப்பவர்களிடம் இந்தக் கேள்வி உண்மையாகவே இருக்கிறது. அதை நான் அன்றைக்குக் காதில் வாங்கவில்லை. தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வதுதான் அறிவியலின் பலம் என்று நமக்குத் தெரியும். ஆனால் நேற்று வேண்டாம் என்று ஒதுக்கியதை இன்று வாங்கிச் சாப்பிடச் சொன்னால் கேட்கிறவருக்கு அது பலமாகத் தெரியாது. நான் குரலை உயர்த்தினேன். அத்தை எழுந்து போய்விட்டார்.

காலையில் முற்றத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் நீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார். நின்றது! பிடிமானம் ஏதுமில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். ‘கிரகணம் விட்டதும் தானா விழுந்துரும். இதுக்கு ஒஞ் சயின்சு என்ன சொல்லுது?’ என்று கேட்டார். எந்த அமாவாசையிலும் சூரியனும் நிலாவும் பூமியை ஒரே பக்கமிருந்துதான் இழுக்கின்றன, கிரகணத்துக்கென்று தனி இழுப்பு கிடையாது, அப்படியிருந்தால் மாதம்தோறும் உலக்கை நிற்க வேண்டும் என்றேன். சரியான பதில்தான். ஆனால் நான் என் கையால் ஒரு உலக்கையையும் நிறுத்திப் பார்த்ததில்லை. அத்தை நிறுத்தியிருந்தார். சுற்றி நின்றவர்கள் யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பத்து மணி இருக்கும். உள்ளறையிலிருந்து அண்ணி அண்ணனைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. தம்ளரைப் பிடித்த கை நடுங்கித் தண்ணீர் புடவையில் சிந்தியது. அண்ணன் யாரையும் கேட்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்துவிட்டு, பிஸ்கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊட்டினான். அத்தை வாசல்படியில் நின்றிருந்தார். தடுக்கவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இவர் எங்களைப் பட்டினி போட நினைத்தவர் இல்லை. பிறக்கப் போகும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு. எனக்கும் அதே பயம்தான். ஒரே பயத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிரே நின்றிருந்தோம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கிரகணமும் இல்லை, அமாவாசையும் இல்லை. அதே தாம்பாளத்தை முற்றத்தில் வைத்து உலக்கையை நிறுத்தப் பார்த்தேன். விழுந்தது. மறுபடியும் விழுந்தது. உலக்கையின் அடியில் இரும்புப் பூண் இருக்கும் இல்லையா, அதன் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. தாம்பாளத்தில் சமமான இடம் பார்த்து, மூச்சைப் பிடித்து, இரண்டு கையையும் மெல்ல மெல்ல விலக்கினால்தான் நிற்கும். ஒன்பதாவது தடவையோ பத்தாவது தடவையோ நின்றது. அத்தையைக் கூப்பிட்டேன். ‘பார்த்தீங்களா’ என்று சொல்லவில்லை. ‘நீங்க ஒருவாட்டி நிறுத்துங்க அத்தை’ என்று மட்டும் சொன்னேன்.

அவர் இரண்டாவது முறையிலேயே நிறுத்திவிட்டார், அவ்வளவு பழகிய கை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘அப்ப தினமும் நிக்குமா?’

‘நிக்கும்.’

‘நாங்க கிரகணத்தன்னைக்கு மட்டுந்தான் நிறுத்துவோம்’ என்றார் மெதுவாக.

2020 ஜூன் 21, மறுபடி ஒரு சூரிய கிரகணம். வளையம் தெரிந்தது ராஜஸ்தான், ஹரியானா பக்கம். நமக்குப் பாதி கூட மறையவில்லை. அண்ணி அப்போது பால் கொடுத்துக்கொண்டிருந்தார். காலை பத்தரைக்கு அத்தையே தட்டில் இட்லி வைத்து உள்ளே கொண்டுபோனார். தான் மட்டும் சாப்பிடவில்லை. கிரகணம் விட்டதும் தலைக்குக் குளித்து விளக்கேற்றினார். அதில் நான் தலையிடவில்லை. இனிமேலும் தலையிட மாட்டேன்.

மதுரையிலிருந்து, செவிலியர்

மேலே எழுதியவர் சொன்ன அதே கிரகணம். எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் பிரசவ வார்டில் இருக்கிறேன், இந்த ஒன்றை மறக்க முடியவில்லை.

2020 பிப்ரவரி கடைசியில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, மேல் உதட்டில் பிளவோடு. மாமியார் குழந்தையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, ‘கெரகணத்தன்னைக்கு அருவாமனைய எடுத்தியா?’ அந்தப் பெண் எடுத்திருக்கிறாள். புருஷன் வேலைக்குக் கிளம்பணுமே என்று இரண்டு கத்தரிக்காய் நறுக்கியிருக்கிறாள். அதற்கப்புறம் அவள் குழந்தையின் முகத்தையே பார்க்க மாட்டேன் என்றாள். ‘நாந்தான் செஞ்சிட்டேன் சிஸ்டர்’ என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்க வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவளிடம் அறிவியல் பேசினால் எடுபடாது என்று தெரியும். அவளுடைய கர்ப்பிணி அட்டையை எடுத்துவந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவள் விரலிலேயே எண்ண வைத்தேன். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி இது. குழந்தையின் உதடு இரண்டு பக்கமிருந்தும் வளர்ந்து நடுவில் சேர்வது கர்ப்பத்தின் ஏழாவது வாரத்துக்குள். நிறையப் பேருக்கு நாள் தள்ளிப்போனதை உறுதி செய்துகொள்ளும் காலம் அது. அவளுக்கு அது ஜூலை மாதம். கிரகணம் டிசம்பரில். ‘நீ கத்தரிக்காய் நறுக்குறப்ப உன் பிள்ளை உதடு உருவாகி முடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சும்மா’ என்றேன்.

திரும்பத் திரும்ப எண்ணினாள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்... அப்புறம் ஓவென்று அழுதாள். அது வேறு அழுகை.

மாமியாரையும் கூப்பிட்டு அதே கணக்கைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை, ஆனால் அதற்கப்புறம் அருவாமனைப் பேச்சை எடுக்கவில்லை. உலகத்தில் ஏறக்குறைய 700 பிரசவத்தில் ஒன்று இப்படிப் பிறக்கிறது. கிரகணமே பார்க்காத வருடத்திலும் பிறக்கிறது. பரம்பரை, ஃபோலிக் அமிலக் குறைவு, சில மருந்துகள், புகை என்று பல காரணம் சேர்ந்து வரும். பல நேரம் காரணமே பிடிபடாது. மெக்சிகோவிலும் இதே நம்பிக்கை உண்டு. அங்கே கர்ப்பிணிகள் கிரகணத்துக்குப் பயந்து துணியில் ஊக்கு குத்திக்கொள்வார்களாம். கடல் தாண்டியும் பழி பெண் தலையில்தான் வந்து விழுகிறது பாருங்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். ஒருவர் குளிக்கட்டும், விரதம் இருக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஒரு தாயைக் குற்றவாளி ஆக்குவதை என்னால் பொறுக்க முடியாது.

உதட்டுப் பிளவு சில மாதத்திலேயே அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும், இலவசமாகச் செய்யும் இடங்களும் இருக்கின்றன. யாருக்காவது தேவைப்படும் என்று சொல்லிவைக்கிறேன். அந்தக் குழந்தைக்கும் செய்தார்கள். தழும்பு தேடித்தான் பார்க்க வேண்டும்.

கும்பகோணம் பக்கத்திலிருந்து

நான் மறுபக்கத்து ஆள். அப்பா புரோகிதர், பஞ்சாங்கக் கணிதமும் தெரிந்தவர். கிரகணத்தன்று பொதுவிடத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக் காட்டும் பகுத்தறிவாளர்களைப் பார்த்தால் சின்ன வயதில் எனக்குக் கோபம் வரும். எங்களைச் சிறுமைப்படுத்தத்தான் செய்கிறார்கள் என்று நினைப்பேன். அப்பாவுக்குக் கோபமே வராது. ‘சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதுன்னு காமிக்கறா. ஆகலையே, பாத்துக்கோ’ என்பார்.

ராகு கேது என்று பலரும் கேலி செய்கிறார்களே, அவை கணிதத்தில், வானில் நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் கிரகணம் கணிக்கவே முடியாது. நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலாவை மறைக்கிறது என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். 1825இல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரிக்கு ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்து, எண்களைச் சொற்களாக்கி மனப்பாடம் செய்திருந்த வாக்கியங்களைக் கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியிருக்கிறார். பிடிக்கும் நேரம் நான்கு நிமிடம்தான் பிசகியது.

அப்பா இதைச் சொல்லும்போது இங்கே நிறுத்த மாட்டார். நடு நேரம் 23 நிமிடமும் விடும் நேரம் 52 நிமிடமும் பிசகின என்பதையும் சேர்த்தே சொல்வார். அதைச் சொல்லாமல் விட்டால் பெருமை பேசுவதாகிவிடும் என்பார். அவருக்கு ரொம்பப் பிடித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்து, 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். தொலைநோக்கியில் தெரிவதோடு பஞ்சாங்கம் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று வாதாடியவர். பக்தி குறைந்தவர் அல்ல.

திண்டுக்கல்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் அத்தை சொன்ன நான்கு யாமக் கணக்கு சாஸ்திரத்தில் உள்ளதுதான். ஆனால் குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள், கர்ப்பிணிகள் இவர்களுக்கு அது இல்லை என்று கிரகணத்துக்குக் கிரகணம் அப்பா வீட்டுக்கு வருபவர்களிடம் சொல்லி அனுப்புவார். வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் சாஸ்திரம் எனக்குத் தெரியாது என்பார். நீங்கள் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் உங்கள் ஊர் ஐயரிடம் அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து, மறுபடியும்

கும்பகோணத்துக்காரர் எழுதியதை இன்று சாயங்காலம் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். சோழியும் வாக்கியமும் வந்த இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். கர்ப்பிணிகளுக்கு இல்லை என்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். ‘எங்க ஆத்தாகிட்ட யாரும் இதச் சொல்லலியேய்யா. எனக்கு ஒம்பது மாசத்துல ஒரு கெரகணம் வந்துச்சு. பச்சத்தண்ணி குடிக்கல’ என்றார். இத்தனை வருடத்தில் இதை அவர் ஒருதடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணன் மகள் நடுவில் புகுந்து, அடுத்த வளையம் நம்ம பக்கம் எப்போது வரும் என்று கேட்டாள். 2031 மே 21, மதுரைக்குப் போனால் பார்க்கலாம் என்றேன். வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் உதவாது, விழித்திரை வலிக்காமலேயே வெந்துபோகும், கிரகணக் கண்ணாடிதான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

‘எத்தன கண்ணாடி வாங்கப் போற?’ என்று கேட்டார் அத்தை.

‘வீட்டில் எத்தனை பேரோ அத்தனை’ என்றேன்.

‘எனக்கும் ஒண்ணு சேத்து வாங்கு. பாத்துட்டு வந்து குளிச்சுக்கிறேன்.’