ஹரோவில் லீஸ்ஹோல்ட் பிளாட்: கட்டணத்தை ஒழுங்காகச் சொல்லும் சொலிசிட்டரை எப்படிப் பிடிப்பது?

வடலி கேட்டது:
லண்டன் ஹரோவில் 385,000 பவுணுக்கு ஒரு லீஸ்ஹோல்ட் பிளாட் (நிலம் வேறொருவருடையது, நமக்கு நீண்டகாலக் குத்தகை). ஓஃபரை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நானும் மனைவியும் சேர்ந்து வாங்குகிறோம், மோட்கேஜ் உண்டு. மூன்று சொலிசிட்டர் நிறுவனங்களிடம் கட்டணம் கேட்டதில் 695, 1,150, 1,600 பவுண் என்று வந்திருக்கிறது. 695 ஏஜென்ட் கைகாட்டிய நிறுவனம். 1,600 பக்கத்துத் தெரு ஒஃபிஸ், தமிழில் கதைக்கலாம். டிபோசிட்டில் ஒரு பங்கு சீட்டுக் காசு, இன்னொரு பங்கு தாய்மாமன் தருவது. எதைப் பார்த்து முடிவெடுப்பது?

கணக்குப்பிள்ளை:
அந்த மூன்று விலையையும் இப்போதைக்கு ஒப்பிடவே முடியாது. 695 என்பது பெரும்பாலும் வெறும் அடிப்படைக் கட்டணம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் லீஸ்ஹோல்ட் மேலதிகம், மோட்கேஜ் வேலை, அன்பளிப்பு டிபோசிட், அடையாளச் சரிபார்ப்பு, ஸ்டாம்ப் டியூட்டி படிவம், வங்கிப் பணமாற்று என்று வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் 20% வற் வேறு. எல்லாம் ஏறி முடிய 1,150ஐத் தாண்டிவிடுவது சாதாரணம்.

சேர்ச் (வீட்டைப் பற்றி நகரசபை முதலிய இடங்களில் விசாரிப்பது) கட்டணம், லாண்ட் ரெஜிஸ்ட்ரி கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி எல்லாம் வெளியே போகும் காசு. யாரிடம் போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதை ஒதுக்கிவைத்துவிட்டு அவர்களுடைய சொந்தக் கட்டணத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃப்ரீஹோல்டருக்கும் (நிலத்தின் சொந்தக்காரர்) கட்டடத்தைப் பராமரிக்கும் மனேஜிங் ஏஜென்டுக்கும், பிளாட் கைமாறியதை அறிவிக்கக் கட்டும் நோட்டீஸ் கட்டணம் மட்டும் பத்திரங்கள் வந்த பிறகுதான் தெரியும். அதை ‘மதிப்பீடு’ என்று எழுதியிருந்தால் குறை சொல்ல முடியாது.

இங்கிலாந்து, வேல்ஸ் சொலிசிட்டர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ.யின் விதி 2018 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வீடு வாங்கல் விற்றல் செய்யும் நிறுவனம் தன் கட்டணம், வற், வெளிச்செலவு, வேலையை யார் செய்வார், எவ்வளவு காலம் எடுக்கும் என்பதை இணையத்தளத்திலேயே போட வேண்டும். பக்கத்துத் தெரு ஒஃபிஸின் தளத்தில் அது இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள். தமிழில் கதைப்பது மட்டும் போதாது.

மூவருக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள்: “விலை 385,000, லீஸ்ஹோல்ட், மோட்கேஜ் இன்ன வங்கி, இரண்டு பேர் வாங்குகிறோம், டிபோசிட்டில் அன்பளிப்பும் சீட்டுக் காசும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வற்றுடன் மாறாத கட்டணம் எவ்வளவு? எந்தச் சூழலில் அது கூடும்? இடையில் குழம்பினால் எவ்வளவு கட்ட வேண்டும்? இந்த வங்கியின் பனலில் இருக்கிறீர்களா?”

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பனல் என்பது வங்கி ஏற்றுக்கொண்ட சொலிசிட்டர்களின் பட்டியல். அதில் இல்லாவிட்டால் வங்கிக்கு வேறொரு சொலிசிட்டர் வேண்டும், அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். ‘முடியாவிட்டால் கட்டணமில்லை’ என்பவர்களும் தங்கள் கட்டணத்தைத்தான் விடுவார்கள். சேர்ச்சுக்குப் போன காசு போனதுதான்.

ஏஜென்ட் சொன்ன ஆளைப் பிடிக்கக் கட்டாயம் எதுவுமில்லை. ரெஃபரல் காசு கைமாறுகிறதா, எவ்வளவு என்று கேளுங்கள், சொல்லியாக வேண்டும்.

பனங்கூடல்:
விலையை விட, உங்கள் விஷயம் இழுபடப்போவது காசு எங்கிருந்து வந்தது என்ற இடத்தில். பணச்சலவைச் சட்டப்படி சொலிசிட்டர் அதைக் கேட்டே ஆக வேண்டும், நம்பிக்கையில்லாமல் கேட்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சீட்டு என்றால் மாதாமாதம் நீங்கள் கட்டியது வங்கிக் கூற்றில் தெரிய வேண்டும், எடுத்த தொகை வந்து விழுந்ததும் தெரிய வேண்டும். கூடவே சீட்டு நடத்தும் தாச்சியிடம் ஒரு கடிதம்: எத்தனை பேர், மாதம் எவ்வளவு, எந்த மாதம் நீங்கள் எடுத்தீர்கள் என்று. இன்னும் கட்ட வேண்டிய தவணை இருந்தால் அது கடன் மாதிரி, வங்கிக்கும் சொல்ல வேண்டும். கையில் காசாகக் கட்டி கையில் காசாக எடுத்த சீட்டென்றால் பல நிறுவனங்கள் தொடாது. ஆகவே சேர்ச்சுக்குக் காசு கட்ட முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

மாமா தருவதற்கு: திருப்பிக் கேட்கமாட்டேன், வீட்டில் பங்கு கேட்கமாட்டேன் என்ற கடிதம், அவருடைய அடையாளம், அவருடைய வங்கிக் கூற்று. சில வங்கிகள் பெற்றோர், சகோதரர் தருவதை மட்டுமே ஏற்கும், மோட்கேஜ் புரோக்கரிடம் இன்றே கேளுங்கள். இனிமேல் காசைக் கணக்குக்குக் கணக்கு மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இன்னொரு கூற்று கேட்பார்கள்.

வடலி:
நன்றி. இன்னொன்று: மனைவி பெயரில் யாழ்ப்பாணத்தில் சீதன வீடு இருக்கிறது. இது இங்கே முதல் வீடுதானே?

கணக்குப்பிள்ளை:
இல்லை! ஸ்டாம்ப் டியூட்டிக்கு உலகத்தில் எங்கே வீடு இருந்தாலும் கணக்கு. சீதனமாக வந்தாலும், முதுசமாக வந்தாலும் ஒன்றுதான். சேர்ந்து வாங்கும் இருவரும் முதல்முறை வாங்குபவர்களாக இருந்தால்தான் சலுகை. 2025 ஏப்ரலிலிருந்து உள்ள வீதத்தில் 385,000க்கு: சலுகையோடு 4,250 பவுண், சலுகை இல்லாமல் 9,250. யாழ்ப்பாண வீட்டில் மனைவியுடைய உரிமையின் பெறுமதி 40,000 பவுண் அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாவது வீட்டுக்கான 5% கூடுதல் வரியும் ஏறி 28,500 வரும். உங்கள் பெயரில் மட்டும் வாங்கினாலும் கணவன் மனைவியை ஒன்றாகத்தான் பார்ப்பார்கள், அதனால் கூடுதல் வரி தப்பாது. வெறும் காணி என்றால் வீடாகக் கணக்கில்லை. பெற்றோருக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதிய உறுதியா என்று பாருங்கள். அப்படியென்றால் உறுதியின் பிரதியைச் சொலிசிட்டரிடம் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். சில நிறுவனங்கள் வரி ஆலோசனை தருவதில்லை, அதையும் அந்த மின்னஞ்சலில் சேர்த்துக் கேளுங்கள். 695க்கும் 1,600க்கும் உள்ள வித்தியாசம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

தெருமுனை:
தமிழ் பேசுபவர் வேண்டுமென்றால் லோ சொசைட்டியின் ‘ஃபைண்ட் எ சொலிசிட்டர்’ தேடலில் மொழியைத் தெரிவு செய்யலாம். கிடைத்த பெயரை எஸ்.ஆர்.ஏ. பதிவேட்டில் ஒருக்கால் சரிபாருங்கள். லைசன்ஸ்ட் கன்வேயன்சர் (சொலிசிட்டர் அல்லாமல், வீடு வாங்கல் விற்றல் வேலைக்கு அனுமதி பெற்றவர்) என்றால் அவர்களுக்கு சி.எல்.சி. என்று வேறு அமைப்பு, அதுவும் சரிதான்.

சேவையில் பிழை வந்தால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறைப்பாடு. 8 வாரத்தில் தீராவிட்டால் சட்டச் சேவை முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மன், இலவசம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

காசு அனுப்பும் நாளில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால் அது கள்ளன் என்றே எடுங்கள். அந்த மின்னஞ்சலில் உள்ள இலக்கத்துக்கு அடிக்காமல், முதல் நாள் தந்த கடிதத்தில் உள்ள இலக்கத்துக்கு அடித்துக் கணக்கு எண்ணை வாயால் சொல்லிச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.