ஸ்டேடியத்துக்குள் நாய் வந்தால் யார் பொறுப்பு?

காரைக்குடி ஓட்டக்காரன்: 2025 அக்டோபரில் டெல்லி நேரு ஸ்டேடியத்தில் உலக பாரா தடகளப் போட்டி நடந்தபோது கென்யா, ஜப்பான் பயிற்சியாளர்களை நாய் கடித்ததே, 2030 காமன்வெல்த் அகமதாபாத்துக்கு வருகிறது, அதற்குள் சரியாகுமா? இங்கே காலையில் ஓடப் போனாலே கையில் குச்சி வேண்டும்.

தேவகோட்டையான்: போட்டிக்கு முதல் நாள் வண்டியில் பிடித்துப் போனால் போதாது அண்ணே. 2010 டெல்லி காமன்வெல்த்தில் வீரர்கள் தங்கும் விளையாட்டு கிராமத்திலும் நாய்த் தொல்லை, போதாததற்கு நேரு ஸ்டேடியம் பக்கத்தில் நடைமேம்பாலமே இடிந்து விழுந்தது. எங்கள் ஊர் மைதானத்தில் சுவரில் ஆள் நுழையும் ஓட்டை, வெளியே கறிக்கடைக் கழிவு. கோழிக்காலைக் கவ்விக்கொண்டு வந்து லாங் ஜம்ப் மணலில்தான் படுக்கும். குப்பையை விட்டுவிட்டு நாயை மட்டும் எடுத்தால் அடுத்த தெரு நாய் வந்து படுக்கும்.

ஆச்சி வீட்டுப் பேரன்: 2025 நவம்பரிலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகங்களில் பிடிக்கும் நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது. சரி, காப்பகம் எங்கே?

காரைக்குடி ஓட்டக்காரன்: அதானே! போன மாதம் என் கெண்டைக்காலிலும் பல் பட்டது. சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஊசிக்கு ஓடினேன், அன்றைக்குத்தான் என் வேகமான ஓட்டம்.