கப்பல் பஃபேயில் உங்களுக்கு நடந்தது என்ன?

மதுரைமல்லி:

சிங்கப்பூர்–பினாங்கு சுற்றுலாக் கப்பலில் போய் வந்து மாதக்கணக்காகிவிட்டது. ஒரு விஷயம் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அத்தை சுத்த சைவம். முட்டை போட்ட கேக் கூடத் தொடமாட்டார். மேல்தள பஃபேயில் இந்தியச் சாப்பாட்டுக்கு என்று ஒரு பகுதி இருந்தது. பருப்புக்குப் பக்கத்திலேயே சிக்கன் குழம்பு. இரண்டும் ஒரே நிறம், இரண்டுக்கும் ஒரே மாதிரி கரண்டி. அத்தை தட்டோடு நிற்கிறார். எதிர்ப்பக்கம் நின்ற ஒருவர் சிக்கன் கரண்டியை எடுத்துப் பருப்பில் விட்டு, அடிவரை ஒரு கிண்டு கிண்டி ஊற்றிக்கொண்டு போனார். கரண்டியில் ஒட்டியிருந்த சின்ன எலும்புத் துண்டு பருப்பின் மேலே மிதந்தது. அவருக்கு அது தெரியக்கூட இல்லை.

அத்தை யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாழைப்பழம் எடுத்துக்கொண்டார். "எனக்குப் பசியில்லம்மா, நீங்க சாப்பிடுங்க." அடுத்த நாளும் அதையேதான் சொன்னார். அவருக்காகத்தான் அந்தப் பயணத்தையே போட்டோம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

தாம்பரம்வாசி:

எனக்கு முதல் நாள் மதியம்தான் மறக்காது. ஏறின உடனே அறை தரமாட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும், ஒரு மணி ஒன்றரை ஆகிவிடும். அதுவரை அத்தனை பேரும் கைப்பெட்டியோடு பஃபேயில்தான். என் அப்பாவுக்கு முழங்கால் வலி. ஒரு கையில் தடி, ஒரு கையில் சூப் கிண்ணம். மேசை மேசையாகப் பார்க்கிறோம், எல்லாவற்றிலும் தொப்பியோ பையோ வைத்திருக்கிறார்கள், ஆள் இல்லை. சூப் தளும்பி அப்பாவின் சட்டைக் கையில் வழிகிறது.

ஜன்னலோரம் வயதான சீனத் தம்பதி இருந்தார்கள். அந்த அம்மா எழுந்து வந்து அப்பா கையிலிருந்த கிண்ணத்தை வாங்கித் தன் மேசையில் வைத்தார். அவர் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்களுக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கும் எங்கள் பேச்சு புரியவில்லை. சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகப் பிரித்து அப்பாவின் தட்டில் வைத்தார். அப்புறம் நாலு நாளும் அவர்களைத் தேடினேன், கண்ணில் படவே இல்லை. ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லையே என்று இருக்கிறது.

கடலோடி கோவை:

மதுரைமல்லி, உங்கள் அத்தையின் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆயிரக்கணக்கான பேர் கைவைக்கும் இடத்தில் கரண்டி மாறத்தான் செய்யும். அதற்காக இரண்டு நாள் வாழைப்பழமா? கேட்டிருந்தால் உள்ளேயிருந்து தனியாகவே கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்.

அலாஸ்கா போனபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஜூனோ துறைமுகத்தில் கரையிறங்கிய அன்று இரவு என் மனைவிக்கு மட்டும் சூடாக ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வந்தது. மெனுவில் இல்லாத பதார்த்தம். எடுத்து வந்த பையன் கோவாக்காரன், அவள் முதல் வாய் சாப்பிடும்வரை பக்கத்திலேயே நின்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சைவக்காரர்கள் பஃபேயை நம்பிப் போகாதீர்கள். டிக்கெட் போடும்போதே இந்திய சைவம் அல்லது ஜைன உணவு என்று பதிவு செய்யுங்கள். அதோடு விடாமல், ஏறின அன்றே மதியம், உட்காரவைத்துப் பரிமாறும் கீழ்த்தளத்து மெயின் டைனிங் ரூமுக்கு நேரில் போய் ஹெட் வெயிட்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அதற்கும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் காசு கட்டியிருக்கிறோம், நம் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரிவதில்லை. பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, எது வேண்டும் என்று கேட்டுச் செய்து தருவார்கள். மீன் சாஸ், இறைச்சி எலும்பில் காய்ச்சிய சாறு இதெல்லாம் சூப்பில் இருக்கும், காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். பஃபேக்குப் போயே ஆகவேண்டும் என்றால் திறந்த உடனே போங்கள், அப்போது கரண்டியெல்லாம் புதிதாக இருக்கும். தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று சும்மா நடந்து பாருங்கள். பெரிய கப்பல்களில் இடது பக்கம் இருப்பதே வலது பக்கமும் இருக்கும். வாசலுக்குப் பக்கத்தில் முட்டி மோதுவார்கள், பின்கோடியில் ஆளே இருக்காது, அங்கேதான் கடலும் நன்றாகத் தெரியும். தாம்பரம்வாசி, உங்களுக்கும் இதே பதில்தான். முதல் நாள் மதியம் கீழே டைனிங் ரூமும் திறந்திருக்கும் கப்பல்கள் உண்டு. விசாரித்திருந்தால் அப்பாவை அலையவிட்டிருக்க வேண்டாம்.

நெய்வேலி வள்ளி:

கடலோடி அண்ணா, நீங்கள் சொல்கிற டைனிங் ரூமில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். சின்னக் குழந்தைகளையும் சர்க்கரைக்காரர்களையும் வைத்துக்கொண்டு அங்கே உட்காரவே முடியாது. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் மேலே ஓடுகிறோம்.

தாய்லாந்தின் புக்கெட் தீவில் கப்பல் கடலிலேயே நின்றது. கரைக்குப் படகில்தான் போய்வர வேண்டும். திரும்பும்போது படகுக்கு நீண்ட வரிசை. அப்பா அறைக்குப் போய் வழக்கம்போல இன்சுலின் போட்டுக்கொண்டு நேரே பஃபேக்கு வந்தார். வாசலில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்தது, இனி 5.30க்குத்தான். உள்ளே எல்லாத் தட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, மூடி போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது, நெற்றியெல்லாம் வியர்வை. நான் விளக்கிச் சொல்ல முயல்கிறேன், பதற்றத்தில் இங்கிலீஷ் வரவில்லை.

எச்சில் தட்டு அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண், இந்தோனேசியப் பெண் என்று நினைக்கிறேன், அப்பாவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியை விட்டுவிட்டு ஓடினாள். காபி மெஷினுக்குப் பக்கத்திலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களை ஒரு கை அள்ளி, பல்லால் கிழித்து, தண்ணீரில் கொட்டிக் கலக்கி அப்பா வாயில் வைத்தாள். அப்புறம்தான் மேற்பார்வையாளர் வந்தார், கயிறு அவிழ்ந்தது. கப்பலைவிட்டு இறங்கும்போது கருத்துப் படிவத்தில் அவள் பெயரை எழுதிக் கொடுத்தோம். அது அவளுக்கு உதவியிருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

சாப்பாட்டு நேர அட்டவணையை அறைக்குக் கொடுப்பார்கள், இல்லையென்றால் செயலியில் இருக்கும். சர்க்கரைக்காரர்கள் தட்டைப் பார்த்த பிறகே ஊசி போடுங்கள்.

குமரிக்கரை:

வள்ளி அக்கா, கண்டிப்பாக உதவியிருக்கும். அந்தப் படிவத்தில் பெயர் வருவது எங்களுக்குப் பெரிய விஷயம். நான் பஃபேயில் வேலை பார்த்தவன், எட்டு ஒன்பது மாத ஒப்பந்தங்களில். எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

ஒரு தடவை கப்பலில் வாந்தி பேதி பரவிவிட்டது. நோரோவைரஸ். அந்தக் கிருமி ஒரு துளி போதும், ஆயிரம் பேர் தொடும் பரிமாறும் இடுக்கியில் ஒட்டிக்கொண்டு ஊரையே படுக்கவைத்துவிடும். அமெரிக்கத் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டால், அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. கப்பல் பெயரோடு வெளியிடுவது வழக்கம். அதனால் உடனே பஃபேயில் யாரும் தானாக எடுக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மேசையிலிருந்த உப்பு, மிளகுக் குப்பிகள்கூடப் போய்விட்டன. கையுறை போட்டு நாங்கள்தான் பரிமாறுகிறோம்.

ஒரு பெரியவர், நம்ம ஊர்க்காரர், கரண்டியைக் கொடு என்று கையை நீட்டினார். முடியாது சார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் மனைவி பக்கம் திரும்பித் தமிழில், "ரேஷன் கடை மாதிரி அளந்து போடுறான் பாரு, பிச்சைக்காரனா நாம?" என்றார். என் சட்டையில் பெயரும் நாடும் எழுதிய பட்டை இருந்தது. அவர் பார்க்கவில்லை. 'ஐயா, நானும் தமிழ்தான்' என்று வாய்வரை வந்தது. பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள். இன்னொரு கரண்டி சோறு வைத்து அனுப்பிவிட்டேன். அந்த வாரம் என் அறைத் தோழனே காய்ச்சலில் தனிமை அறையில் கிடந்தான். நான் ஓய்வில்லாமல் அவனுடைய வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரைமல்லி, அந்தப் பருப்பை நீங்கள் அங்கேயே காட்டியிருந்தால் தட்டோடு எடுத்து மாற்றியிருப்போம். அது சலுகை இல்லை, எங்கள் வேலை.

அப்புறம், எடுக்கிறதை அளவாக எடுங்கள். மிச்சம் விழும் இறால், கேக் எல்லாம் கீழே அரவை இயந்திரத்துக்குத்தான் போகும். அதற்குமுன் பல்குச்சி, வெண்ணெய் சுற்றிய காகிதம் இதையெல்லாம் ஒருத்தர் நின்று கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். கடலில் பிளாஸ்டிக்கோ காகிதமோ போகக்கூடாது, அரைத்த சாப்பாட்டையும் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு அப்பால்தான் விட முடியும். அதுவே சில கடல்களில் 12. அந்தப் பொறுக்குகிற வேலையை நான் செய்திருக்கிறேன்.

தாம்பரம்வாசி:

வாசலில் கைக்கு ஜெல் அடிக்கிறார்களே தம்பி, அது போதாதா?

குமரிக்கரை:

போதாது சார். நோரோவுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும்தான். புதுக் கப்பல்களில் பஃபே வாசலிலேயே வரிசையாகக் கைகழுவும் தொட்டி வைத்திருப்பது அதற்காகத்தான். இடுக்கியைத் தொட்ட பிறகு, கையால் சாப்பிடும் நம்ம ஆட்கள் இன்னொரு முறை கழுவுவது நல்லது.

செம்பருத்தி:

எனக்கு நடந்தது பஃபேக்கு வெளியே. நியூசிலாந்தில் இறங்குகிறோம். எனக்கு முன்னால் போன அம்மா, பேரனுக்குப் பசிக்கும் என்று காலையில் பஃபேயிலிருந்து ஒரு ஆப்பிளைத் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். மோப்ப நாய் வந்தது. குரைக்கவில்லை, அந்தப் பைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அந்த அம்மா ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு மகனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், மகன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகம்தான் எனக்கு இன்னும்.

கடலோடி கோவை:

ஆஸ்திரேலியாவிலும் கெடுபிடி அதே மாதிரிதான். பழம், சாண்ட்விச், வீட்டுப் புளியோதரை எதுவும் கப்பலைவிட்டு இறங்கக்கூடாது. வள்ளி, நேரம் பற்றி நீங்கள் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை.

மதுரைமல்லி:

எல்லோருக்கும் நன்றி. அத்தையை மறுபடி கூப்பிடலாம் என்று தைரியம் வருகிறது. குமரிக்கரை தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சின்ன ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாமா?

குமரிக்கரை:

வேண்டாம் அக்கா. சூடாக்கும் சாதனம் எதையும் விடமாட்டார்கள், தீ பயம். ஏறும்போதே ஸ்கேனில் பிடித்து வைத்துவிட்டு, இறங்கும்போது தருவார்கள். சீல் உடைக்காத ஊறுகாய், தட்டை, முறுக்கு பாக்கெட் பெரும்பாலும் விடுகிறார்கள், டிக்கெட் போடும்போது கேட்டுக்கொள்ளுங்கள். தயிர் சாதத்துக்குத் தயிரும் வெறும் சோறும் பஃபேயில் காலையிலேயே கேட்டால் கிடைக்கும்.